விரைவாட்டத்தில் தனிநடை: விலகல் கோட்பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டொன்றை இயன்றவரை குறைந்த நேரத்தில் முடித்துக் காட்டுவது ஸ்பீடுரன் எனப்படும் விரைவாட்டம். இதில் ஆட்டக்காரர் அனைவர்க்கும் இலக்கு ஒன்றே. உகந்த வழியும் பெரும்பாலும் ஒன்றே. அவ்வாறிருந்தும், பழகிய பார்வையாளர் பெயரை அறியாமலே ஆட்டத்தைக் கொண்டு ஆட்டக்காரரை இனங்காண்பதுண்டு. நடை என்பது பொதுநெறியிலிருந்து விலகுதல் என்னும் நடையியல் விளக்கம் இவ்விடத்தில் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நடையியல், விலகல், தெரிவு, மரபு, தனிநடை, விரைவாட்டம்

சிக்கல்

நடை என்னும் சொல் தமிழில் காலின் இயக்கத்தையும் மொழியின் இயக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். ஓடுவதையும் தாவுவதையுமே தொழிலாகக் கொண்ட விளையாட்டு உருவங்களை இயக்குவோரிடத்து இச்சொல் இருபொருளிலும் பொருந்துகிறது. ஆனால் விலகலே நடை எனக் கொண்டால் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. விரைவாட்டத்தில் பொதுநெறி என்பது மிகக் குறைந்த நேரம். அதிலிருந்து விலகுவது பிழை. எனில், மிகுதியாகப் பிழைப்பவரே மிகுந்த நடையுடையவர் என்றும், சாதனையாளர் நடையற்றவர் என்றும் கொள்ள நேரும். பார்வையாளரால் எளிதில் இனங்காணப்படுவோரோ தேர்ந்த ஆட்டக்காரரே. ஆகவே விளக்கத்தைத் திருத்துவது தேவையாகிறது.

வழியும் மரபும்

நடையை வழித்தேர்வில் காண முயல்வது இயல்பு. 1994ஆம் ஆண்டு நின்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மெட்ராய்டு’ விளையாட்டில் கிரெய்டு, ஃபேன்டூன், டிரேகன், ரிட்லி என்னும் நான்கு பெரும்பகைகளை வென்ற பின்னரே இறுதிப் பகுதிக்கு வழி திறக்கும். சுவரில் உதைத்து மேலேறும் திறன் கைவந்தவர் அவ்வரிசையை மாற்றிக்கொள்ள இயலும். கிரெய்டில் தொடங்கி ரிட்லியில் முடிவது ஒரு வழி. ஃபேன்டூனில் தொடங்கி டிரேகனில் முடிவது மற்றொரு வழி. பகைகளின் பெயர்முதல் எழுத்துகளைக் கோத்தே இவ்வழிகளுக்குப் பெயரிட்டுள்ளனர். திருக்குறளுக்கு மணக்குடவர் கொண்ட வைப்புமுறையும் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையும் வேறுபடுவதை இங்கு ஒப்புநோக்கலாம். மூலம் ஒன்றாயினும் அதனுள் செல்லும் ஒழுங்கு வேறு.

எனினும் ஒப்புமை இவ்வளவில் நின்றுவிடுகிறது. உரையாசிரியரின் வைப்புமுறை அவர் உரையோடு பிணைந்தது. விரைவாட்ட வழியோ ஒருவர் கண்டு பலர் செப்பனிட்டுப் பொதுச்சொத்தாக்கியது. புதிதாகப் பயில்வோர் அதனை அப்படியே கற்கின்றனர். வழி மரபைக் காட்டுமேயன்றித் தனிநடையைக் காட்டாது.

21 சட்டகங்கள்

தனிநடைக்கு இடந்தருவது எது என்பதை 1985ஆம் ஆண்டின் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ துல்லியமாக உணர்த்துகிறது. இவ்விளையாட்டு நொடிக்கு ஏறத்தாழ 60 படச்சட்டகங்கள் வீதம் இயங்குகிறது. ஒரு கட்டம் முடிந்ததா என்பதை 21 சட்டகங்களுக்கு ஒருமுறை மட்டுமே அது சரிபார்க்கும். அதாவது நொடியில் மூன்றிலொரு பங்கைவிடச் சற்றே மிகுந்த இடைவெளி. அவ்விடைவெளியின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தவரும் கடைசிச் சட்டகத்தில் வந்து சேர்ந்தவரும் அடுத்த கட்டத்தில் ஒரே கணத்தில்தான் நுழைவர். இறுதிக் கட்டமாகிய 8-4 மட்டும் இதற்கு விலக்கு. ஆங்கு ஒவ்வொரு சட்டகமும் கணக்கில் சேரும்.

இதனால், நேரத்தை இழக்காமலே செலவிடத்தக்க சிறு ஓய்வெல்லை ஒவ்வொரு கட்டத்திலும் அமைகிறது. அதனை ஒருவர் காப்பாகக் கொள்வார்: பகையை நெருங்குமுன் சற்றுத் தணிந்து, பாதுகாப்பான உயரத்தில் தாவுவார். மற்றொருவர் இறுதிவரை முழுவேகத்தில் சென்று, மிஞ்சிய சட்டகங்களைப் பயனின்றி விடுவார். கடிகாரத்தில் இருவரும் சமம். கண்ணுக்கு இருவரும் வேறு. தமிழ் யாப்பில் வல்லோர் இதனை எளிதில் உணர்வர். வெண்பாவுக்குரிய தளைகள் இரண்டே. ஆயினும் அவ்வரம்புக்குள் எந்தச் சீரை எங்கு நிறுத்துவது என்பது புலவர் கையில் உள்ளது. நடை விலகலில் அன்று, சமமான வாய்ப்புகளுக்கிடையிலான தெரிவில் தங்குகிறது.

2021ஆம் ஆண்டு நிஃப்ட்ஸ்கி என்னும் புனைபெயருடையவர் இவ்விளையாட்டை 4 நிமிடம் 54.948 நொடியில் முடித்து, 4 நிமிடம் 55 நொடி என்னும் எல்லையை முதன்முதலாகக் கடந்தார். அவர் இயக்கியது விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை அன்று, விசைப்பலகையை. எழுதுகோல் மாறினால் எழுத்தும் மாறும் என்பது உண்மையாயின், விரல்களின் தாளம் கருவிக்கேற்ப மாறுவதையும் நடையின் கூறாகவே கொள்ளவேண்டும்.

கைவிடலும் மீட்சியும்

சாதனைப் பதிவு மட்டும் போதிய சான்றாகாது. அதன் பின்னே பாதியில் கைவிடப்பட்ட எண்ணற்ற முயற்சிகள் உள்ளன. முதற்கட்டத்திலேயே சிறு இழப்பு நேர்ந்தால் உடனே மீண்டும் தொடங்குவோர் உளர். இழப்பை ஏற்று, பின்னர் வரும் கட்டத்தில் இடர் மிகுந்த உத்தியால் ஈடுகட்ட முனைவோரும் உளர். நேரலையில் நாள்தோறும் காண்பவர் அறிவது இந்த இயல்பையே. ஒரு பாடலை மட்டும் கொண்டு ஆசிரியரைத் துணியும் ஆய்வுமுறையின் வலுவின்மை இதனால் மேலும் புலப்படுகிறது. செப்பமுற்ற பிரதி, திருத்தப்பட்டவற்றை மறைத்தே நம்மிடம் வந்து சேர்கிறது.

கையின்றி நடை உண்டோ

2003இல் பரவிய மோரிமோட்டோவின் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’ பதிவு ஏறத்தாழ 11 நிமிடம் கொண்டது. பார்த்தோர் பலர் அதனை மனிதர் கைகளால் ஆடியதென்றே நம்பினர். உண்மையில் அது மென்பொருளின் துணையுடன், சிறிது சிறிதாகத் திருத்தி அமைக்கப்பட்டது. கைத்திறனே நடை என்போர்க்கு இப்பதிவில் நடை இருத்தல் ஆகாது. ஆனால் இதன் தானியங்கித் திரைப்பகுதிகள் அக்கூற்றை மறுக்கின்றன. திரை தன் வேகத்தில் நகரும் இப்பகுதிகளில் ஒரு நொடியையும் மிச்சப்படுத்த இயலாது. ஆங்கு மோரிமோட்டோ பகைகளின்மேல் தொடர்ந்து குதித்தும் கூடுதல் உயிர்களைச் சேர்த்தும் ஆடவைத்திருக்கிறார். விரைவு கட்டளையிடாத இடத்தில் என்ன செய்வது என்பதை ஒருவர் முடிவு செய்துள்ளார். கை இல்லை, தெரிவு உண்டு.

இதற்கு மறுதலையாக, தெரிவே அற்ற ஆட்டமும் உண்டு. ஆக்டிவிஷன் நிறுவனத்தின் ‘டிராக்ஸ்டர்’ சில நொடிகளில் முடியும் கார்ப்பந்தயம். கியரை மாற்றும் கணங்களே அதில் அனைத்தும். டாட் ராஜர்ஸ் 1982இல் 5.51 நொடியில் முடித்ததாகக் கூறப்பட்ட சாதனை பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. விளையாட்டின் நிரல் பின்னர் ஆராயப்பட்டபோது எட்டத்தக்க எல்லை 5.57 எனத் தெரியவந்தது. 2018இல் டுவின் கேலக்சீஸ் அமைப்பு அச்சாதனையை நீக்கியது. அவ்வழக்கில் எவரும் ராஜர்ஸின் நடையைச் சான்றாகக் காட்டவில்லை, காட்டவும் இயலாது. அத்துணைக் குறுகிய ஆட்டத்தில் ஒருவர் கையைப் பிறர் கையிலிருந்து பிரித்தறிய இடமில்லை. தீர்ப்பளித்தது கணக்கு மட்டுமே.