கையெழுத்துப் போட்டால் உரிமை போய்விடுமா?

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு நர்ஸ் நீட்டும் படிவத்தில், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவதுதான் நம் குடும்பங்களின் வழக்கம். மறுநாள் ஏதாவது விபரீதமாகிவிட்டால் முதலில் நெஞ்சைக் குத்துவதும் அந்தக் கையெழுத்துதான். ‘நாமதானே எழுதிக் கொடுத்தோம், இனி யாரைக் கேட்பது’ என்று பலரும் அங்கேயே ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஒதுங்க வேண்டியதில்லை. அந்தச் சிகிச்சையில் இயல்பாகவே உள்ள ஆபத்துகளைத் தெரிந்துகொண்டு சம்மதித்தோம் என்பதற்கு மட்டுமே அந்தப் படிவம் சாட்சி. மருத்துவரின் கவனக்குறைவை யாரும் கையெழுத்துப் போட்டு மன்னித்துவிட முடியாது.

சம்மதத்துக்கும் எல்லை உண்டு. டெல்லியில் 1995-ல் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் நினைவின்றிக் கிடந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தப் பெண் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டாக்டர் தம் கட்டணத்தை இழந்தார். இழப்பீடாக 25,000 ரூபாயும் தரவேண்டி வந்தது. பறிபோனதற்கு அந்தத் தொகை ஈடே இல்லை. ஆனால் தன் உடலைப் பற்றி முடிவெடுப்பவர் நோயாளிதான் என்பது இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிவானது இந்த வழக்கில்தான்.

‘அரசு ஆஸ்பத்திரியை எதிர்த்து என்ன செய்ய முடியும்?’ என்பது இன்னும் ஆழமாக வேரோடிய நம்பிக்கை. அதற்கான பதில் சென்னை எழும்பூரிலேயே இருக்கிறது.

1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். அப்படிப் பிழைக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையே போய்விடும் அபாயம் உண்டு. பிறந்த மூன்று, நான்கு வாரங்களில் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்திருந்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது. யாரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லவும் இல்லை. தொற்று வராமல் தனி அறையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலரை மாதம் கழித்து வேறொரு குழந்தைகள் மருத்துவர் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். தந்தை விடவில்லை. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 1.80 கோடி ரூபாயாக உயர்த்தியது. அதில் பெரும்பங்கை மாநில அரசின் தலையில் வைத்தது. தீர்ப்பு வரும்போது அந்தக் குழந்தைக்கு வயது 18.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லாருக்கும் எல்லாமே இலவசம் என்கிற மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமென்றால், அங்கே இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோர்தான். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அப்படியே. சட்டத்துக்குள் வராத மருத்துவமனை என்றாலும் உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன.

நோயாளிகள் தரப்பிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: உயிர் போனால் டாக்டர்தான் குற்றவாளி, உடனே கைது செய்ய வேண்டும் என்பது. சிகிச்சை பலிக்காமல் போவது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. அதே நிலையில் சராசரித் திறமையுள்ள இன்னொரு மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் கேள்வி. சிறைத் தண்டனைக்கு அதுவும் போதாது. அப்பட்டமான அலட்சியம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. போலீஸ் ஸ்டேஷனில் வழக்கு நிற்கவில்லை என்பதாலேயே இழப்பீடு கிடைக்காது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு பாதை.

மறியல் செய்து, உடலை வாங்க மறுத்து, கடைசியில் பிரேதப் பரிசோதனையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. அந்தத் துயரத்தில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் எதனால் இறந்தார் என்பதைச் சொல்லும் முதன்மையான சான்று அதோடு போய்விடுகிறது.

‘கேஸ் போட லட்சக்கணக்கில் செலவாகும்’ என்பதும் சரியல்ல. மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கட்டிய பில்லை வைத்தே இது கணக்கிடப்படுகிறது. பில் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. வசிக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் வேண்டும் என்பதில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிக்கலான வழக்குகளில் மட்டும் அது தேவைப்படும்.

உண்மையில் பலரைத் தோற்கடிப்பது தாமதம்தான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுதான் கெடு. வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்தது பின்னால் தெரியவந்தது போன்ற வழக்குகளில், தெரியவந்த நாளிலிருந்து கெடு தொடங்கும். வலியோடு ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

ஆகவே முதலில் கேஸ் ஷீட்டைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மருந்துக் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு எல்லாம் வேண்டும். எழுத்து மூலம் கேட்டு, கேட்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும்.