ஒரு பெயர், பல காரணங்கள்: மறதி நோயும் மருந்துத் தேடலும்

முன்னுரை

உடலை வருத்தும் நோய்கள் பல. ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த அறிவையும் உறவையும் சிறிது சிறிதாகக் கவர்ந்து செல்லும் நோயும் ஒன்று உண்டு. மருத்துவர் அதனை 'டிமென்ஷியா' என்பர். 'மனம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்ட அப்பெயர், மனம் நீங்கிய நிலையைக் குறிக்கும். தமிழில் நாம் வழங்கும் 'மறதி நோய்' என்னும் பெயரோ அந்நோயின் ஒரு கூற்றை மட்டுமே சுட்டுகிறது. கடைக்குச் சென்ற இடத்தில் வாங்க வேண்டிய பொருளை மறப்பது யார்க்கும் நேர்வதே. நாற்பது ஆண்டுகள் நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும், நாள்தோறும் வைத்த குழம்பின் பக்குவம் பிடிபடாமல் அடுப்படியில் திகைப்பதும் அத்தகையன அல்ல. இவற்றையும் 'வயதானால் அப்படித்தான்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இந்நோய்க்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இல்லை என்பதையும், அவ்வுண்மை மருந்துத் தேடலை எவ்வாறு மாற்றியுள்ளது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் பிறந்த கதை

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்தே டெட்டர் என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 51. அவரைப் பரிசோதித்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர். 1906இல் அப்பெண்மணி இறந்தபின் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் அணுக்களுக்குள்ளே இழைச்சிக்கல்களையும் கண்டார். படிவுகள் அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனவை என்றும், சிக்கல்கள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்றும் பிற்கால அறிவியல் தெளிவுபடுத்தியது. 1910இல் எமில் கிரேப்பெலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

இந்நோய்க்குப் பெயர் தந்த முதல் நோயாளி நடுவயதினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இதனால் அல்சைமர் நோய் என்பது நடுவயதில் அரிதாக வருவது என்றும், முதியோரின் மறதிக்கு இரத்தக் குழாய்கள் தடிப்பதே காரணம் என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ஸெட், டாம்லின்சன், ராத் ஆகியோர் மறதியுற்று இறந்த முதியோரின் மூளைகளை ஆராய்ந்தனர். அல்சைமர் கண்ட மாற்றங்களே அவர்களுள் பலரிடமும் இருப்பதை நிறுவினர். அதன்பின் கருத்து மறுகோடிக்குச் சென்றது. முதியோரின் மறதி என்றாலே அல்சைமர் நோய் என்னும் எண்ணம் வேரூன்றியது.

ஒரு மூளையில் பல நோய்கள்

இவ்வெண்ணத்தைத் திருத்திய ஆய்வுகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. அமெரிக்காவில் 1986இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய கன்னியர் ஆய்வில் 678 கிறித்தவத் துறவியர் பங்கேற்றனர். இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்குத் தர அவர்கள் இசைந்திருந்தனர். அல்சைமர் மாற்றங்கள் மிகுந்திருந்தவர்களுள், மூளையின் ஆழ்பகுதிகளில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதால் உண்டான சிறு தழும்புகளும் சேர்ந்திருந்தோரே வாழ்நாளில் மறதி நோய்க்கு மிகுதியாக ஆளாகியிருந்தனர் என 1997இல் வெளியான முடிவு காட்டியது. சிகாகோ நகர ஆய்வாளர்கள் பொதுமக்களிடையே நிகழ்த்திய ஆய்வு 2007இல் வெளியாயிற்று. மறதி நோயுடன் இறந்தோருள் பாதிக்கும் மேற்பட்டவர்களின் மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் கலந்திருந்தமை அதனால் தெரியவந்தது.

அல்சைமர் மாற்றங்கள், இரத்தக் குழாய்ப் பழுதுகள் ஆகியவற்றோடு, 1912இல் லூவி விவரித்த புரதத் திரட்சிகளும், 2006இல் அடையாளம் காணப்பட்ட டிடிபி-43 என்னும் புரதத்தின் படிவும் முதியோர் மூளையில் காணப்படுகின்றன. ஓட்டு வீட்டின் உத்தரத்தைக் கரையான் அரித்தாலும் கூரை பல்லாண்டு நிற்கக்கூடும். ஓடு உடைந்து மழையும் ஒழுகினால் அதே உத்தரம் விரைவில் இற்றுவிழும். மூளையின் நிலையும் இதுவே எனலாம்.

மருந்துத் தேடல்

நினைவுக்கு இன்றியமையாத அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் மூளையில் சிதையாமல் காக்கும் டோனெபெசில் மருந்து 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது அறிகுறிகளைச் சிலகாலம் தணிக்குமேயன்றி நோயைத் தடுப்பதில்லை. அமிலாய்டு படிவே நோயின் மூலம் என்னும் கருதுகோளை 1992இல் ஹார்டி, ஹிக்கின்ஸ் ஆகியோர் முன்வைத்தபின் தேடல் பெரிதும் அவ்வழியே சென்றது. அமிலாய்டுக்கு எதிரான தடுப்பூசி ஆய்வு, ஏறத்தாழ 300 பேரில் 18 பேருக்கு மூளையழற்சி ஏற்பட்டதால் 2002இல் நிறுத்தப்பட்டது. 2021இல் ஒப்புதல் பெற்ற அடுகனுமாப் மருந்தை அதன் உற்பத்தியாளரே 2024இல் கைவிட்டனர்.

2022இல் வெளியான லெகனெமாப் ஆய்வு சிறிது நம்பிக்கை தந்தது. நோயின் தொடக்கநிலையில் இருந்த 1,795 பேரிடம் 18 மாதங்கள் நடந்த அவ்வாய்வில், நோயின் போக்கு 27 விழுக்காடு மெதுவாயிற்று. 18 புள்ளி அளவுகோலில் அவ்வேறுபாடு அரைப் புள்ளிக்கும் குறைவே. மூளை வீக்கம், இரத்தக் கசிவு ஆகிய பக்கவிளைவுகளும் உண்டு. நுண்ணிய கசிவுத் தடங்கள் பல உடையோர் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. பல பழுதுகள் கலந்த மூளையினரே நம் இல்லத்து முதியோருள் மிகுதி. மருந்தோ கலப்புக் குறைந்தோரிடமே சோதிக்கப்படுகிறது. படிவு நீங்கியும் நோய் நீங்காமைக்கு இக்கலப்பும் ஒரு காரணமாதல் கூடும்.

நம் கையில் உள்ளவை

காரணங்கள் பல என்பது சோர்வுக்குரிய செய்தியன்று. பல காரணங்களுள் சிலவற்றையேனும் நாம் தடுக்க இயலும். அமெரிக்காவில் 9,361 பேரிடம் நிகழ்ந்த ஆய்வில், இரத்த அழுத்தத்தை மருத்துவர் கண்காணிப்பில் 120க்குக் கீழ் வைத்தபோது, மறதி நோய்க்கு முந்தைய நிலையான மிதமான நினைவுக்குறை 19 விழுக்காடு குறைந்தது. மறதி நோயும் குறைந்தது என்று உறுதிபடக் கூற அவ்வாய்வு போதவில்லை. பின்லாந்தில் 1,260 பேரிடம் நிகழ்ந்து 2015இல் வெளியான ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, இரத்தநாள நலம் ஆகிய நான்கையும் ஒருங்கே பேணியோர் ஒட்டுமொத்த அறிதிறனில் மேம்பட்டதைக் காட்டியது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் 14 இடர்க்காரணிகளைத் தொகுத்துரைத்தது. கல்விக்குறை, செவித்திறன் இழப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம், தனிமை ஆகியன அவற்றுள் சில. அனைத்தையும் களைந்தால் மறதி நோயில் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு.

மேலும், தைராய்டுச் சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியனவும் மறதி நோய் போலவே தோன்றும். இவை பெரும்பாலும் மருத்துவத்தால் சீர்படுபவை. ஆகவே மறதி கண்டவுடன் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது முதற் கடமையாகும்.

முடிவுரை

எங்கள் உம்மம்மா கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டபோது, 'இப்போதுதானே சொன்னோம்' என்று நாங்கள் கடிந்ததுண்டு. அவருக்கு நீரிழிவும் இருந்தது, இரத்தக் கொதிப்பும் இருந்தது, காதும் மந்தம். இம்மூன்றையும் அவரது மறதியோடு சேர்த்து எண்ணிப் பார்க்க அன்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருப்பின் நோய் நீங்கியிருக்கும் என்று கூறுவதற்கில்லை; ஆயினும் அவரைக் கடிந்திருக்கமாட்டோம்.

இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஒரே மருந்தில் தீரும் நோயன்று இது. மருந்துக்குக் காத்திருக்கும் காலத்தே மாணவர்கள் செய்யத்தக்கன உள. வீட்டுப் பெரியவரின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் செய்யுங்கள். காது கேட்கிறதா என அறியுங்கள். நாள்தோறும் சிறிது நேரம் அவரோடு அமர்ந்து பேசுங்கள். அவர் பத்தாம் முறை கேட்கும் வினாவுக்கும் முதன்முறை கேட்டதற்குப் போலவே விடை கூறுங்கள். நமக்கு அது பத்தாவது. அவருக்கு என்றும் அதுவே முதலாவது.