மாசியில் வாருங்கள்: மரக்காணத்திலிருந்து இரும்பை வரை ஒரு நாள்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு, ஆரோவில்லை எட்டிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். வடக்கே 35 கிலோமீட்டரில் இருக்கும் மரக்காணத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்தக் கரையின் உயிர் அங்கேதான், உப்பளங்களிலும் வலசைப் பறவைகளிலும் இருக்கிறது.

எந்த மாதம் என்பதுதான் முதல் கேள்வி. மார்கழியில் வந்தால் பறவைகள் இருக்கும், உப்பு இருக்காது. சித்திரையில் வந்தால் உப்பு மலையாய்க் குவிந்திருக்கும், பறவைகள் போயிருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் மாசி. வலசை வந்தவை முழுக்கக் கிளம்பியிருக்காது, பாத்திகளில் உப்பும் விளையத் தொடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள். மழையில் அளங்கள் ஏரிபோல நீரில் மூழ்கிக் கிடக்கும். அது புயல் காலமும்கூட. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது இந்தப் பக்கத்தில்தான்.

பொழுது விடியும் முன்னே மரக்காணம் போய்ச் சேருங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது என்பதால் உப்பளத்து ஆட்கள் இருட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட, நீர் கனத்துக்கொண்டே வந்து, கடைசிப் பாத்தியில் மேலே மெல்லிய ஏடு படியும். குனிந்து பாருங்கள்: ஊசிமுனை அளவில் சதுரச் சதுரமாய் மினுங்கும். அது கனம் தாங்காமல் அடியில் இறங்க, அதன் மேல் இன்னும் படிந்துதான் கல்லுப்பு ஆகிறது. நீண்ட கழியில் பொருத்திய பலகையால் அதை இழுத்து வரப்போரம் சேர்ப்பார்கள். பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் குவிப்பார்கள். மணிக்கணக்கில் உப்புநீரில் நின்று பாதம் வெடித்துப் போன மனிதர்கள் அவர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வரப்பை மிதித்துச் சரித்துவிடாதீர்கள், அது அவர்கள் மண் அணைத்துக் கட்டியது. நிழல் எங்குமே இல்லை. தண்ணீரும் தொப்பியும் உங்களோடு இருக்கட்டும்.

இந்த ஊர் நேற்று முளைத்ததல்ல. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலர் கொள்கை. பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் இந்தக் கரைத் துறைமுகங்களில் பொதுகே, சோபட்மா என்று இரண்டைச் சொல்கிறது. பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடாக இருக்கலாம் என்பார்கள். மத்தியதரைக் கடற்கரையில் செய்த மதுச்சாடிகளின் ஓடுகள் அங்கே 1945-இல் தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்தன. பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிந்ததும் மரக்காணத்தில்தான். பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு.

வெயில் சுடும் முன் இன்னும் வடக்கே, கடப்பாக்கம் பிரிவில் ஆலம்பரைக் கோட்டைக்குப் போய்வந்துவிடலாம். 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட செங்கல் கோட்டை. மிச்சமிருக்கும் சுவருக்கு அப்பால் கழிமுகம். மீனவர்களிடம் பேசிப் படகில் சுற்றலாம், உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறாதீர்கள். கடலில் இறங்கிக் குளிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நடுப்பகலில் ஓய்வெடுத்துவிட்டு, மாலை 4 மணிக்குக் கழுவெளி. தமிழகத்தில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேற்கிலிருந்து ஏரி நீரும், இடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல்நீரும் கலக்கும் இடம். அதனால்தான் பூநாரையும் கூழைக்கடாவும் இங்கே இரை தேடி வருகின்றன. தொலைநோக்கி இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால் பொறுமை போதும்.

பொழுது சாயும்போது இரும்பை. ஆரோவில்லை ஒட்டிய சிற்றூர், புதுச்சேரியிலிருந்து 10 கிலோமீட்டர் இருக்கும். மாகாளேசுவரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். தேவாரத்தில் இரும்பை மாகாளம். கடுவெளிச் சித்தர் கதை இந்த ஊருடையது. வீதியில் ஆடிய பெண்ணின் காற்சிலம்பு நழுவ, சித்தர் எடுத்து அவள் காலில் பூட்டினார். ஊர் சிரித்தது. சினந்து அவர் பாட, கருவறையில் லிங்கம் மூன்றாகப் பிளந்தது என்பார்கள். மன்னன் மன்றாடிய பிறகு மறுபடி பாடி ஒன்றுசேர்த்தாராம். ஆனால் இந்த நிலம் பாலையாகும், தூரதேசத்தார் வந்துதான் பசுமை திரும்பும் என்று ஒரு சாபமும் கதையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது இங்கே அரித்துப்போன வெறும் செம்மண் மேடுதான். இன்று நீங்கள் காட்டுக்குள் நடந்து கோயிலுக்கு வருகிறீர்கள்.

பிளந்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் கட்டி வைத்திருக்கிறார்கள். அலங்காரம் சாத்திவிட்டால் அது கண்ணுக்குப் படாது. பிரதோஷ நாளாகப் பார்த்து வந்து, மாலை அபிஷேகத்துக்கு முன்வரிசையில் உட்காருங்கள்.