பெடலை ஒப்பிடுமுன் சத்தத்தைச் சமமாக்குங்கள்
1994இல் பில் ஃபின்னகன் அமெரிக்காவில் வெளியிட்ட கிளான் சென்டார் ஓவர்டிரைவ் பெடலையும் அதன் மலிவு நகல்களையும் ஒப்பிடும் கிட்டார் கலைஞர்கள் பலர், சத்தம் கூடுவதையே நல்ல டோன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒலியளவு கூடினால் பேஸும் ட்ரெபிளும் காதுக்குத் தூக்கலாகக் கேட்கும்; ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். எனவே ஒரே கிட்டார், ஒரே ஆம்ப் வைத்து, டெசிபல் மீட்டர் ஒரே அளவைக் காட்டும்வரை இரு பெடல்களின் அவுட்புட் குமிழைத் திருப்புங்கள். குமிழ்கள் ஒரே கோணத்தில் நின்றால் மட்டும் போதாது. எந்தப் பெடல் ஓடுகிறது என்று வாசிப்பவருக்குத் தெரியாதபடி நண்பர் மாற்றட்டும்.

கெயினைக் குறைத்து, அவுட்புட்டை ஏற்றி, வால்வ் ஆம்பைத் திணறவைப்பதுதானே சென்டாரின் வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போதும் இரண்டையும் ஒரே அளவுக்கு ஏற்றியே கேளுங்கள். வித்தியாசம் காதில் விழாவிட்டால் மலிவானதையே வாங்குங்கள்.