வலி தெரியாத உடம்புக்குக் காவல்

தென்காசியில் ஆபரேஷன் தியேட்டர் செவிலியர் நான். கெட்டமின் என்ற மயக்க ஊசி மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது அலறும் பிள்ளைக்கும், விலகிய எலும்பை இழுத்து வைக்க வேண்டியவருக்கும் அதுபோலக் கைகொடுக்கும் மருந்து குறைவு. வேறு பல மயக்க மருந்துகள் மூச்சையும் பிபியையும் இறக்கும். இது பெரும்பாலும் மூச்சைக் கெடுக்காது, பிபியைத் தூக்கிப் பிடிக்கும். 1962-ல் அமெரிக்காவில் பிறந்தது. வியட்நாம் போரில் அடிபட்டவர்களுக்குப் பயன்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது. இதே மருந்தைப் பொடியாக்கி மூக்கில் இழுக்கிறார்கள் என்பதால் இந்தியாவில் 2011-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2013-ல் மருந்துக்கடைக்கான விதிகளும் இறுகின.

ஊசி போடப்பட்டவர் எப்படி இருப்பார் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கண் திறந்தே இருக்கும். கருவிழி பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருக்கும். வாயில் எச்சில் ஊறும். கூப்பிட்டால் பதில் வராது. தெளியும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சிஸ்டர், நான் மச்சுல இருந்து கீழ பார்த்துக்கிட்டே கெடந்தேன். கட்டில்ல கெடந்தது யாருன்னே தெரியல.” மூளைக்கும் உடம்புக்கும் இடையிலான பேச்சை மருந்து அறுத்துவிடுகிறது. சிலருக்கு அது பரவசம், சிலருக்குச் செத்துப்போய்விட்ட பயம். அந்த நேரத்தில் மயக்க டாக்டர் எங்களுக்குச் சொல்வது சின்ன விஷயங்கள்தான். விளக்கைக் குறை. கூட்டத்தை வெளியே அனுப்பு. ஒருத்தர் மட்டும் மெதுவாகப் பேசு. பிடித்து அமுக்காதே.

எங்கள் தெருவில் ஒரு பையன் வெளியூரில் படித்துவிட்டு வந்து கெட்டமின் பொடி இழுக்கும் பழக்கத்தோடு வீட்டில் கிடந்தபோது, இதே பாடத்தைத்தான் அவன் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். “மதினி, சீக்கிரம் வாங்க, இவன் பேய் அடிச்ச மாதிரி நிக்கான்” என்று ராத்திரி கூப்பிட்டாள். நான் போனபோது ட்யூப்லைட் எரிய, மாமா, சித்தப்பா, பக்கத்து வீடு எல்லாரும் சுற்றி நின்று ஆளுக்கொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோளைப் பிடித்து உலுக்கினார். எல்லாரையும் திண்ணைக்கு அனுப்பினோம். அவள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, “எய்யா, அம்மா இருக்கேன், நம்ம வீட்லதான் இருக்க, கொஞ்ச நேரத்துல சரியாயிரும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பதில் வராவிட்டாலும் காதில் விழலாம். அதனால் அந்த நேரத்தில் திட்டவே கூடாது.

போதை இறங்கட்டும் என்று மோரும் எலுமிச்சைச் சாறும் புகட்டுவது நம் ஊர் வழக்கம். இங்கே அது ஆபத்து. அரை நினைவில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தி வந்தால் வெளியே வழிய விடுங்கள். கூடவே குடித்திருந்தாலோ தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ மூச்சு அடங்கும் வாய்ப்பு அதிகம். மூச்சு மெலிந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன எடுத்தான் என்று தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கெட்டமினுக்கு முறிவு மருந்து கிடையாது. மூச்சையும் பிபியையும் காப்பதுதான் வைத்தியம்.

இனி எங்கள் ஊருக்கே உரிய ஒன்று. குற்றால அருவியில் தலையைக் கொடுத்தால் பித்தம் தெளியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் இப்படிப்பட்ட பிள்ளையை ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ கூட்டிப் போவதாகச் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாரல் காலத்துப் பாறை, தெளிவாக இருக்கிறவனையே சறுக்க வைக்கும். போதையில் கால் நிலைக்காது. எலும்பு முறிந்தாலும் வலிக்காது, முறிந்த காலோடு நடப்பான். 2023 அக்டோபரில் அமெரிக்க நடிகர் மேத்யூ பெர்ரி வீட்டுச் சுடுநீர்த் தொட்டியில் இறந்து கிடந்தார். காரணம் கெட்டமின் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது, மூழ்கியதையும் சேர்த்துக் குறித்தது. தொட்டித் தண்ணீரே அப்படியென்றால் அருவியை யோசித்துப் பாருங்கள். குளிக்கப் போகும் நண்பர்கள் கூட்டத்திடமும் இதைத்தான் சொல்வேன்: ஒருவன் எடுத்திருக்கிறான் என்று தெரிந்தால் அன்றைக்கு யாரும் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம். அவனை அறையில் தனியாக விட்டுவிட்டும் போக வேண்டாம்.

பழக்கம் நாள்பட்டதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சிறுநீர்ப்பை. இது பல வீடுகளில் தெரிவதே இல்லை. எங்கள் தெருப் பையன் கால் மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க எழுந்து போனான். நீர்க்கடுப்பு, உடம்புச் சூடு என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பரிசோதனையில் கிருமி இல்லை. ரத்தம் மட்டும் கலந்திருந்தது. கெட்டமின் சிறுநீரோடு வெளியேறும்போது பையின் உட்சுவரைப் புண்ணாக்கிச் சுருக்கும். முந்நூறு மில்லிக்கு மேல் தாங்க வேண்டிய பை, முற்றியவர்களுக்கு நூறு மில்லிகூடத் தாங்காது. 2007-லிருந்துதான் மருத்துவ இதழ்கள் இதைப் பேசத் தொடங்கின. கொடுமை என்னவென்றால், அந்த வலியை மறக்கடிப்பதும் அதே பொடிதான். வலிக்கிறது என்று எடுப்பான், எடுத்ததால் இன்னும் வலிக்கும். இது புரியாமல் “திமிர்” என்று அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் புண் ஆறும். முற்றவிட்டால் அறுவை சிகிச்சை வரை போகும். காரணம் தெரியாத நீர்க்கடுப்போடு இளவயதுப் பிள்ளை வந்தால், சிறுநீரக டாக்டரிடம் காட்டுங்கள். பழக்கத்தைப் பற்றி அவன் டாக்டரிடம் தனியாகப் பேச இடம் கொடுங்கள்.

நிறுத்திய பிறகு கை நடுக்கத்தைவிட மனச்சோர்வுதான் பெரிதாக வரும். தூக்கம் கெடும், எதிலும் பிடிப்பு இருக்காது. அந்த வாரங்களில் “செத்தா நல்லாருக்கும்” என்று சொன்னால் அதைப் பேச்சாக எடுக்காமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். டெலி-மானஸ் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446.

போலீஸ் வருமோ என்ற பயத்தில்தான் பல பெற்றோர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிப்பதில்லை. முதலில் சொன்ன போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சையை முழுதாக முடித்தால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கு நடத்துவதிலிருந்து விலக்கு தருகிறது. பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் கேட்டுக்கொண்டு, பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.