எந்த வழக்கு எந்த வாசலுக்கு?

சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை விளக்க வேண்டுமென்று பயிற்சி வகுப்பு மாணவர்கள் கேட்டிருந்தனர். வரையறைகளைப் பிறகு பார்க்கலாம். தணிக்கைக்குச் சென்ற ஊரில் நாம் சந்தித்த ஒரு குத்தகைதாரரின் அனுபவத்தை முதலில் கூறுவோம்.

அவர் ஐந்து மா நிலத்தை வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிரிட்டு வந்தார். தை அறுவடை முடிந்ததும் குத்தகை நெல்லை வண்டியிலேற்றிச் சென்றார்; நிலச் சொந்தக்காரர் வாங்க மறுத்துவிட்டார். காவல் நிலையம் சென்றார். இதில் குற்றம் ஏதுமில்லை என்றார்கள். சிவில் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று எனத் திருப்பினார்கள். இப்படி இரண்டு போகம் கழிந்தது. அதற்குள் குத்தகை பாக்கி என்று காட்டி அவரை வெளியேற்ற மனுப் போடப்பட்டது!

காவலர் கூறியது சரியே. குற்றவியல் சட்டத்தில் ஒருவர் செய்த தீங்கைச் சமூகம் முழுமைக்கும் இழைத்த தீங்காகக் கருதி, அரசே வழக்கு நடத்துகிறது. இரவோடிரவாக அவருடைய கதிரை எவரேனும் அறுத்துச் சென்றிருந்தால் அது திருட்டு. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது குற்றமே. நெல்லை வாங்க மறுப்பது அப்படியன்று.

உரிமையியல் சட்டம் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள கடன், கிரயம், அடமானம், பாகப்பிரிவினை ஆகியவற்றைப் பற்றியது. குத்தகையும் இயல்பாக இங்கேதான் சேரவேண்டும். ஆனால் காவிரிப் படுகையின் வரலாறு அதைப் பிரித்தெடுத்துவிட்டது. வழக்கு முடியுமுன் நிலம் கைமாறிவிடும் நிலை இருந்தமையால், 1952 ஆகஸ்டில் இராஜாஜி அரசு தஞ்சை மாவட்டக் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பளிக்க ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கு அதனால் உறுதியாயிற்று. 1956ஆம் ஆண்டு நியாயக் குத்தகைச் சட்டம் நன்செயில் அதை 60 ஆக உயர்த்தியது. இடையில் 1955இல் வந்த பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், வெளியேற்றும் வழக்கை சிவில் நீதிமன்றத்திடமிருந்து எடுத்து வருவாய்த் துறையிடம் ஒப்படைத்தது.

நம் நண்பருக்கு வேண்டிய வழியும் அச்சட்டத்திலேயே இருந்தது. சொந்தக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால், தவணை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அந்நெல்லின் சந்தை விலையைச் சொந்தக்காரர் கணக்கில் வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். கட்டியிருந்தால் பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. இருதரப்பு நிலைமையையும் பார்த்துத் தவணை கொடுக்கவும் அந்நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு, அவருக்குக் கொடுத்தது. உழவு மாடுகளை விற்றுக் கட்டினார். நிலம் அவரிடம் நின்றது.

தனி மனிதன் வழக்காட முடியாத பிரிவும் உண்டு. ஆற்றுநீர் மாநிலங்களுக்கிடையிலான தகராறு. அதற்கென அரசியலமைப்பின் 262ஆம் பிரிவு வழி வகுத்துள்ளது. 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு செய்தது. நம் குறுவையின் கதி இந்தச் சட்டத்தில் அடங்கியிருக்கிறது.

நெசவாளர் அங்கத்தினர்க்கு ஒன்று கூறவேண்டும். சங்கத்தின் வியாபாரத்தையோ நிர்வாகத்தையோ பற்றிய தகராறு, 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் செல்ல வேண்டும். சேலைக் கணக்கில் பிசகு என்று சிவில் நீதிமன்றத்துக்கு அலைந்து முத்திரைப் பணத்தை இழந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கைத்தறிக்கென ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்வதோ 1985ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்; அதைக் கைத்தறி அமலாக்க அதிகாரியிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

வாய்ப்பேச்சில் பயிரிடுவோர் பலர் தம் பெயரை 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான குத்தகைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. மனுச் செய்யும்போது பயிரிடுவதற்குச் சான்று கேட்பார்கள். சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தால், நிலத்தின் சர்வே எண் குறித்த கடன் பேரேட்டின் நகலைச் செயலாளரிடம் கேட்டு வாங்கி மனுவுடன் இணைக்கவும்.