குழாய்த் தண்ணீரில் ஈயம்: பிஸ்மத் மின்முனையால் அளக்கும் முறை

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரம். இவ்வளவு நுண்ணிய அளவையும் கல்லூரி ஆய்வகத்தில் மின்வேதி அளவீட்டுக்கு வைத்திருக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் பிடித்துவிடும். முன்பு இதற்குப் பாதரச மின்முனைதான் வழக்கம். 2000-ல் ஜோசப் வாங் குழுவினர் பிஸ்மத் படலத்தை வைத்து அளந்து காட்டினார்கள். நஞ்சை அளக்க இன்னொரு நஞ்சைத் தொடவேண்டிய நிலை அதனால் பெருமளவு மாறியது.

பாத்திரங்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவிட்டு, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசுங்கள். கிளாஸி கார்பன் மின்முனையை 0.05 மைக்ரான் அலுமினாக் குழைவில், துணிமேல் எட்டு வடிவில் தேய்த்து மெருகேற்றுங்கள். கீறலோ விரல் படிந்த எண்ணெயோ இருந்தால் அதன்மேல் பிஸ்மத் படலம் சீராகப் படியாது.

கலத்தில் 10 மில்லி தண்ணீரும், பி.ஹெச் 4.5 உள்ள 0.2 மோலார் அசிடேட் பஃபர் 10 மில்லியும் ஊற்றுங்கள். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் பிஸ்மத் கரைசலில் 8 மைக்ரோலிட்டர் சேருங்கள்.

கலக்கியபடியே, வெள்ளி/வெள்ளி குளோரைடு மின்முனையை ஒப்பிட்டு −1.2 வோல்ட்டில் 120 விநாடி வையுங்கள். பிஸ்மத்தும் ஈயமும் ஒன்றாக மின்முனையில் படியும். கலக்குவதை நிறுத்தி 10 விநாடி அமைதியாக விட்டு, சதுர அலை முறையில் மின்னழுத்தத்தை −0.2 வோல்ட் வரை ஏற்றுங்கள். படிந்த ஈயம் மறுபடி கரையும்போது −0.5 வோல்ட் அருகே மின்னோட்டத்தில் ஒரு முகடு எழும். காட்மியம் இருந்தால் அதன் முகடு −0.8 பக்கம் தனியே தெரியும். ஒவ்வோர் அளவீட்டுக்குப் பின்னும் +0.3 வோல்ட்டில் 30 விநாடி கலக்கி, மிச்சப் படலத்தைக் களையுங்கள்.

தண்ணீர் மாதிரியை அளக்கும் முன், அயனி நீக்கிய நீரை வைத்து இதையெல்லாம் ஒருமுறை செய்தே ஆகவேண்டும். அதிலேயே ஈய முகடு வந்தால் பஃபர் உப்போ, பாத்திரமோ, கையுறையோ மாசுபட்டிருக்கிறது. அதைத் தேடிக் களையாமல் மேலே போகாதீர்கள். ஒரு வீட்டார் குடிக்கும் தண்ணீரைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம். அவசரப்பட நமக்கு உரிமை இல்லை.

அடுத்து, தண்ணீர் மாதிரியை அளந்துவிட்டு, அதே கலத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஈயம் உள்ள கரைசலை 20 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று தடவை சேர்த்து, ஒவ்வொரு தடவையும் அளவிடுங்கள். ஒவ்வொரு சேர்ப்பும் கலத்தில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைக் கூட்டும். சேர்த்த அளவுக்கு எதிராக முகட்டு உயரத்தைக் குறித்து, நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது கிடை அச்சை வெட்டும் இடம் சுழியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதுவே கலத்தில் உள்ள ஈயம். பாதிக்குப் பாதி பஃபர் கலந்ததால் விடையை இரண்டால் பெருக்குங்கள்.

பித்தளைக் குழாய் நீரில் தாமிரம் மிகுந்திருந்தால் ஈய முகட்டின் உயரம் குறையும். பஃபர் ஊற்றிய பிறகு சிறிது ஃபெர்ரோசயனைடு சேர்த்தால் தாமிரம் கட்டுப்படும். வலுவான அமிலத்தில் அதைச் சேர்க்கவே கூடாது. மாதிரிக்கு ஃபெர்ரோசயனைடு சேர்த்திருந்தால், அயனி நீக்கிய நீருக்கும் அதே அளவு சேர்த்து மறுபடி அளந்துவிடுங்கள்.